வாய்ப்புண் எனக்குத்தான் என்றேன்

என்னைவிட ஏழு வயது மூத்தவனாக இருந்து, இப்போது ஐந்தரை வயதுதான் மூத்தவனாக இருக்கும் என் அண்ணனுக்கு,

எனக்கு அண்ணி மேல் பொறாமை. நீ இருந்தபோது இருந்தது. நீ போன பிறகும் போகவில்லை. இதைச் சொல்லாமல் உனக்கு வேறு எதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.

முதலில் செய்திகள். எனக்கு நான் படித்த காலேஜிலேயே டியூட்டர் வேலை கிடைத்துவிட்டது. பையன்கள் "சார்" என்கிறார்கள். என்னைத்தான் என்று தெரிந்து திரும்பிப் பார்க்க ஒரு கணம் ஆகிறது. ஸ்ரீரங்கத்து வீட்டிலேயேதான் இருக்கிறேன், தனியாக. சமையல் நானே. அண்ணி லால்குடியில் அவருடைய அப்பா வீட்டில் இருக்கிறார். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் திருச்சிக்கு வந்து ஹாஸ்டலில் சேர்கிறார். உனக்கு இது பிடித்திருக்கும், இல்லையா? பிடிக்கும் என்று அண்ணி சொல்கிறார். உனக்கு எது பிடிக்கும் என்று இப்போதும் அவர்தான் சொல்கிறார்.

அப்பா முகம் எனக்கு நினைவில்லை. அம்மா போன பிறகு நாம் இருவர்தான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் கிணற்றடியில். உன் முதுகை நான் தேய்ப்பேன், என் முதுகை நீ. உன் இடது தோளுக்குக் கீழே ஒரு மச்சம். அது உனக்கே தெரியாது. நான் சொல்லித்தான் தெரியும். உன் கல்யாணம் ஆன மூன்றாவது சனிக்கிழமை, உள்ளறையில் அண்ணி சொல்வது கேட்டது. "உங்க முதுகுல ஒரு மச்சம் இருக்குங்க." நீ சொன்னாய்: "அப்படியா?"

அப்படியா.

அண்ணி என்னைவிட இரண்டு வயது சின்னவர். என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். முறை அப்படி. அதில் ஒரு தவறும் இல்லை. அவர் செய்த எதிலும் தவறு கிடைக்காதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு உன் உடம்பு வேறு யாருடையதோ ஆயிற்று. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். அடிபடாமலே தொடையில் நீலம். விடாத காய்ச்சல். ஒரு நாள் பொதுப்பணித் துறை ஆபீசில் நீ வரைந்துகொண்டிருந்த வாய்க்கால் படத்தின் மேலேயே மூக்கிலிருந்து சொட்டிற்று. மதராஸில் பத்து நாள் வைத்திருந்து, எலும்பில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, ரத்தத்தில் புற்று என்றார்கள். உன்னிடம் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. ரத்தக் குறைவு என்ற வார்த்தையை மூன்று பேரும் எடுத்துக்கொண்டோம்.

இரண்டு வகை மாத்திரை. வெள்ளை மாத்திரை உன் முகத்தை உப்ப வைத்தது. மஞ்சள் மாத்திரை மிகச் சின்னது. அதுதான் புற்றை அழிப்பது. மெத்தோட்ரெக்ஸேட். எஸ்.எஸ்.எல்.சி. படித்த அண்ணி அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொன்னார். எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த நான் திக்கினேன். காலேஜ் லைப்ரரியில் தேடினேன். அந்தப் பெயரே எந்தப் புத்தகத்திலும் இல்லை. புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவர் தினமும் காலை எட்டு மணிக்கு உன் உள்ளங்கையில் வைத்தார்.

கொடுப்பதற்கு முன்னால் டார்ச் அடித்து உன் வாயைப் பார்ப்பார். "ஆ காட்டுங்க." நீ சிங்கம்போல் உறுமுவாய். அவர் சிரிப்பார். நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். எதற்காகப் பார்க்கிறார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும்.

புத்தூர் டாக்டரிடம் உன்னைக் காட்டப் போன நாள் உனக்கு நினைவிருக்கும். ரத்தம் எடுத்த பிறகு நீ உள்ளே படுத்திருந்தாய். நான் ஜட்கா பிடித்துவர வெளியே போனேன். திரும்பி வந்தபோது டாக்டர் அண்ணியிடம் ஏதோ சொல்லி முடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணி எழுந்துகொண்டார்.

"என்ன சொன்னாரு அண்ணி?"

"பழத்தை நல்லாக் கழுவிக் குடுக்கச் சொன்னாரு தம்பி."

பழம் கழுவ அவ்வளவு நேரமா? வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். காவிரிப் பாலத்தின் மேல் நீ என் தோளில் சாய்ந்து தூங்கினாய். அண்ணி உன் கையைப் பிடித்திருந்தார்.

அடுத்த தை மாதம். இந்தி எதிர்ப்பு ஊர்வலங்களால் காலேஜை மூடிவிட்டார்கள். நான் வீட்டில் இருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். கிணற்றடியிலிருந்து நீ கூப்பிட்டாய். கீழுதட்டைப் பிதுக்கிக் காட்டினாய். சிவப்பு நடுவே வெள்ளைத் திட்டுகள். நாக்கின் ஓரத்தில் இரண்டு.

"சூடுடா. மாத்திரைச் சூடு. மணத்தக்காளி நாலு நாள் தின்னா ஆறிப்போயிடும்."

"அண்ணிகிட்ட சொல்லவா?"

"அவகிட்ட மூச்சு விடாத."

அண்ணா, நான் அப்போது சந்தோஷப்பட்டேன். உன் வாயில் புண்ணைப் பார்த்துவிட்டு நான் சந்தோஷப்பட்டேன். உன் உடம்பில் அண்ணிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் முதல் தடவை. இதை எழுதத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வந்தவை.

அன்று எட்டு மணி டார்ச்சுக்கு நீ கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டு அவசரமாக உறுமிவிட்டாய், அண்ணி கண்ணில் எதுவும் படவில்லை. ஸ்ரீரங்கத்துக் கீரைக்காரிகளுக்கு அண்ணியைத் தெரியும். போட்டுக்கொடுத்துவிடுவார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்கே போனேன்.

"வயித்துப் புண்ணா, வாய்ப்புண்ணா தம்பி?" என்றாள் கீரைக்காரி.

"வாய்ப்புண்ணுதான்."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லை."

"அப்ப காரத்தைக் கொறைச்சாப் போதும். ஆயிருந்தா, பேச்சைக் கொறைன்னு சொல்லியிருப்பேன்."

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு எல்லாமே சிரிப்பாக இருந்தது.

கீரையை அடுப்படியில் வைத்தேன். "வாய்ப்புண்ணு அண்ணி. தேங்காய்ப் பால் ஊத்திச் செஞ்சு குடுங்க."

அண்ணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நின்றது. முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உங்களுக்குத்தானே? அவருக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்குத்தான் அண்ணி. காட்டவா?"

மூச்சை விட்டார். "ஐயே, வேணாம். காலேஜ் கேன்டீன் வடையை நிறுத்துங்க முதல்ல."

"காலேஜே மூடியிருக்கு."

"அப்ப பொய் சொன்ன வாயா இருக்கும்."

விளையாட்டுக்குச் சொன்னார். கீரையைக் கிள்ள ஆரம்பித்தார். ஒரு வாய்ப்புண்ணுக்கு ஏன் இப்படி முகம் வெளுக்க வேண்டும்? கேட்டிருக்கலாம். கேட்க வாயெடுத்தேன். அவர் எதையோ ஒளிக்கிறார் என்றால் என்னிடமும் ஒன்று இருக்கிறது. சரிக்குச் சரி. அப்படித்தான் நினைத்தேன்.

மணத்தக்காளிக் கூட்டை இருவருக்கும் போட்டார். அவருக்கும் நல்லதுதானே என்றார். நான் முகத்தைச் சுளித்துச் சுளித்துச் சாப்பிட்டேன். நீ சுளிக்காமல் சாப்பிட்டாய். நம் இருவரில் யார் நன்றாக நடித்தது?

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் டார்ச்சோடு வந்தார். நீ வாயைத் திறக்கவில்லை. "புண்ணு அவனுக்கு. டார்ச்சு எனக்கா?" என்றாய். அண்ணி சிரித்துவிட்டார். விளக்கை அணைத்துவிட்டு மாத்திரையை உன் கையில் வைத்தார். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அந்த மஞ்சள் மாத்திரை என் கண்ணெதிரே உன் வாய்க்குள் போனது.

அன்றைக்கு உனக்கு ஐந்து தடவை வயிற்றுப்போக்கு. கடைசி இரண்டு தடவை ரத்தம். "மூலம்டா" என்றாய். கொல்லையில் நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். அண்ணி வருவதற்குள் உன் வேட்டியை அலசினேன். அருவருப்பாக இல்லை. முதுகு தேய்த்த காலம் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் உனக்கு வயிறு வலித்தது. வலி பெரிதில்லை என்றாய். தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்து நிற்கப் பார்த்தாய். நிற்க முடியவில்லை. ஓடிவந்த அண்ணி வேட்டியைப் பார்த்துவிட்டார்.

"எப்பலேர்ந்து?"

"இன்னிக்குத்தான்" என்றாய்.

என்னைப் பார்த்தார். நான் ஜட்கா பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அண்ணியிடம் கேட்டார். "வாயெல்லாம் புண்ணா இருக்கே. எத்தனை நாளா?"

"தெரியலைங்க."

"தினம் பாக்கச் சொன்னேனே அம்மா. புண்ணு வந்தா மாத்திரையை நிறுத்திட்டு உடனே கூட்டிட்டு வரணும்னு."

"பாத்தேங்க. ரெண்டு நாள் பாக்கலை. சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பழம் கழுவச் சொன்ன அன்று டாக்டர் வேறு என்ன சொன்னார் என்று. அண்ணியிடம் டாக்டர் சொன்ன விதி இருந்தது. என்னிடம் புண் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், நடுவில் ஒரு கட்டுக் கீரை.

டாக்டர் என் பக்கம் திரும்பிப் பொறுமையாக விளக்கினார். புற்றை அழிக்கிற மருந்து, வாயின் உள்தோலையும் குடலின் உள்தோலையும் சேர்த்து அரிக்கும். பெரும்பாலும் வாயோடு நின்றுவிடும். மருந்தை நிறுத்தினால் ஆறிவிடும். அபூர்வமாகச் சிலருக்குக் கீழே இறங்கும். குடல் புண்ணாகி ரத்தம் போகும். இன்னும் அபூர்வமாக, குடல் ஓட்டையாகும். உனக்கு ஆகியிருந்தது. வெள்ளை மாத்திரை வலியை அமுக்கி வைத்ததால் உனக்கே முழுதாகத் தெரியவில்லை. மேலே, வாயில்தான் முதலில் காட்டும், அதனால்தான் வாயைப் பார்க்கச் சொன்னேன் என்றார்.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன், அண்ணா.

"மாத்திரையை நிறுத்தியிருப்பேன். மிச்சத்தைச் சொல்ல முடியாது. எப்படியும் அந்த நோய்க்கு ரொம்ப நாள் கெடையாது. சில மாசம் கூடக் கெடச்சிருக்கலாம்."

சில மாசம். எத்தனை சனிக்கிழமை?

இரண்டாம் நாள் நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் அண்ணி ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "நான்தான் பாக்கலை." அழுதுகொண்டே சொன்னார். பிறகு அழாமல் சொன்னார். பக்கத்தில் நான் நின்றேன். தம்பி எவ்வளவு பார்த்துக்கொண்டான், ஆஸ்பத்திரியில் மலம்கூட அள்ளினான் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. பயத்தால் என்று முதலில் நினைத்தேன். ஒன்றரை வருஷம் யோசித்த பிறகு வேறாகத் தெரிகிறது. அந்த மூன்று நாளை யாரிடமாவது சொல்லிவிட்டால் அது எனக்கு மட்டும் சொந்தமாக இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை லால்குடிக்குப் போனேன். அண்ணி கூடத்தில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. இளைச்சுட்டீங்களே. உங்க ரசத்தை நீங்களே குடிக்கிறீங்கன்னு தெரியுது."

சிரித்தோம். அவருடைய பெரியம்மா வெற்றிலைப் பெட்டியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பயிற்சிப் பள்ளி எங்கே, எத்தனை நாள், யார் துணை என்றெல்லாம் கேட்டாள். பிறகு சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, யாரிடமும் இல்லாததுபோலச் சொன்னாள்.

"புருசன் வாயைப் பாக்கத் துப்பில்லாதவ, ஊராம் புள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போறா."

அண்ணி தலையைத் தூக்கவில்லை. "ஆமா பெரியம்மா. நான்தான் பாக்கலை." ஊசி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இரக்கம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பொறாமை. அந்தப் பழி என்னுடையது. உன்னோடு எனக்கு மிச்சம் இருந்த ஒரே சொத்து. அதையும் அவரே எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். பொறாமைதான் என்னை வாய் திறக்க வைத்தது, நல்ல குணம் எதுவும் இல்லை. நீ தப்பாக நினைத்துவிடக் கூடாது.

பெரியம்மா எழுந்து போகும்வரை பொறுத்தேன்.

"அண்ணி. எனக்கு வாய்ப்புண்ணே வரலை."

"என்னது?"

"அன்னிக்குக் கீரை வாங்கிட்டு வந்தேன்ல. அது அண்ணனுக்கு. மூணு நாளாவே எனக்குத் தெரியும். ரத்தம் போனதும் தெரியும். வேட்டியை நான்தான் அலசினேன்."

ஊசி நின்றது. ரவிக்கையை மடியில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடிப்பார் என்றுகூட. அவர் என்னையே பார்த்தார்.

"உங்ககிட்ட காட்டுனாரா?"

"ஆமா."

"நீங்களாப் பாத்தீங்களா, அவரா கூப்பிட்டாரா?"

"அவராத்தான் கூப்பிட்டாரு. கிணத்தடிக்கு."

ரவிக்கையை எடுத்து மடித்தார். "எங்கிட்ட ஒரு நாளும் வலிக்குதுன்னு சொன்னதில்லை" என்றார் பிறகு. "ஒரு தடவைகூட. சிங்கம் மாதிரி கத்துவாரு. அவ்வளவுதான்."

அந்த முகத்தை நான் அறிவேன், அண்ணா. வேறு யாரும் அடையாளம் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இரண்டு வருஷம் பேப்பருக்குப் பின்னால் வைத்திருந்த என் முகம்.

"டாக்டர் அன்னிக்கு உங்களையும் கூப்பிடச் சொன்னாரு தம்பி" என்றார். "தம்பி வரட்டும், அவருக்கும் சொல்லிடறேன்னாரு. நான் சொல்லிக்கிறேங்கன்னு எந்திரிச்சுட்டேன்."

"ஏன் அண்ணி?"

"நீங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சீங்கன்னா நான் காப்பி போடத்தான் உள்ள போவணும். கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான். இது ஒண்ணாவது எங்கிட்ட மட்டும் இருக்கட்டும்னு நெனச்சேன்."

அவருக்கு என் மேல் பொறாமை! நான் சிரித்திருக்கலாம். வாசலில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தப் பக்கத்து உதடு. எத்தனை தடவை வெளியே போனாய். கண்ணடித்தாயா, எந்தக் கண். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்ட விதம், பசித்தவர் சாப்பிடுவதுபோல் இருந்தது. கடைசியில் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது வாசல்வரை வந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லக் கூடாதுன்னாரு? என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"இல்லை அண்ணி. ஒண்ணும் சொல்லலை. போயிட்டு வரேன்."

மறுபடியும் ஒரு பொய்.

நீ சொன்னாய். மூச்சு விடாதே என்று சொன்ன கையோடு, உதட்டை விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாய். "பத்து நாளா அவ தூங்கலைடா. நான் பொரண்டாலே எந்திரிச்சு உக்காந்துடறா. நேத்துதான் அசந்து தூங்கினா. வாயைத் தொறந்து, கொழந்தை மாதிரி. இதைச் சொன்னோம்னா மறுபடியும் உக்காந்துடுவா. ரெண்டு நாள் தூங்கட்டும்."

நீ எனக்கு ரகசியம் எதுவும் கொடுக்கவில்லை. அவர் தூங்குவதற்காக அதை வைக்க ஒரு இடம் தேடினாய். பக்கத்தில் நான் இருந்தேன். இது அன்றைக்கே எனக்குப் புரிந்தது. புரியாததுபோல ஒன்றரை வருஷம் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு இதை மட்டும் நிறுத்திக்கொண்டதற்கு வேறு காரணம் இல்லை. இதைக் கொடுத்துவிட்டால் அந்த மூன்று நாளும் அவருடையதாகிவிடும்.

நான் கேட்பது இதுதான். அவர் வாய் திறந்து தூங்கியதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய்? உன் நாக்கில் அப்போதே எரிந்ததா?

பதில் வராது. சரி.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். அண்ணி அந்தப் பத்திரிகையை லால்குடியிலும் வாங்குவார், ஹாஸ்டலிலும் வாங்குவார். உன் வார்த்தைகளை அவர் அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விடமாட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். காப்பி வேண்டாம் என்று சொல்லி, அவரை எதிரில் உட்காரவைத்து, நீ தாழ்த்திய அதே குரலில், ஒரு வார்த்தை குறையாமல் சொல்வேன். "கொழந்தை மாதிரி" என்பதையும் சொல்வேன். அதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். எரியட்டும். சொல்வேன்.

உன் தம்பியும்,
அண்ணிக்குக் கொழுந்தனுமாகிய
நடராசன்